சூனியத்துக்கு மருந்து தேடிய ஞானி

ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துக்குத் தென்மேற்கே ரோக்கன் என்று ஒரு சிற்றூர். ஊரிலே பழைய காலத்துக் கல் கோயில் ஒன்று. கோயிலை ஒட்டிப் பாதிரியாரின் வீடு. அந்த வீட்டில் 1844-ம் வருஷம் அக்டோபர் மாதம் 15-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அன்று பிரஷ்ய நாட்டு மன்னரின் பிறந்த நாள். ராஜபக்தி மிகுந்த பாதிரியார் பூரித்துப் போய், மன்னரின் பெயரையே குழந்தைக்கும் வைத்துவிட்டார். பிரெடரிக் வில்ஹெல்ம் நீட்சே என்பது அந்தக் குழந்தையின் முழுப்பெயர்.

தகப்பனார் பாதிரி. தந்தை வழிப் பாட்டனாரும் பாதிரி, தாய் வழிப் பாட்டனாரும் பாதிரி. பரம்பரையாகக் கடவுளின் ஊழியத்தில் ஜீவித்த குடும்பம் அது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் பிற்காலத்தில் கடவுளின் மரணத்தை உலகுக்குப் பறை சாற்றினார். எதிலும் அர்த்தமில்லை, எதற்கும் மதிப்பில்லை என்கிற நிஹிலிசத்துக்கு அவரே மூல புருஷர் என்று இன்றைக்கும் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நான் கல்லூரியில் படித்த நாளில் விடுதியில் ஒரு நண்பர் இருந்தார். பரீட்சையில் தவறினாலும் நிஹிலிசம், காதலில் தோற்றாலும் நிஹிலிசம், சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பார் நீர்த்துப் போனாலும் நிஹிலிசம் என்பார். அவருடைய தலைமாட்டில், அடர்ந்த மீசையோடு நீட்சேயின் படம் தொங்கும். படத்தில் இருந்த மனிதர் அந்த வியாதியைக் கண்டு எப்படி அஞ்சினார், அதிலிருந்து வெளியேற எத்தனை பாடுபட்டார் என்பது நண்பருக்குத் தெரியாது. அன்று எனக்கும் தெரியாது.

பிரெடரிக்குக்கு ஐந்து வயது நிரம்புவதற்குள் தகப்பனார் படுக்கையில் விழுந்தார். மூளையில் நோய். பல மாதங்கள் துடித்து, 1849-ம் வருஷம் ஜூலை மாதம், 35-வது வயதில் கண்ணை மூடினார். ஆறு மாதம் கழித்து, இரண்டு வயதுகூட நிறையாத தம்பி ஜோசப்பும் போய்விட்டான். பாதிரியார் இல்லாத வீட்டில் பாதிரியார் குடும்பத்துக்கு இடம் ஏது? தாயார் பிரான்சிஸ்கா குழந்தைகளோடு நவும்பர்க் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். தாய், பாட்டி, இரண்டு அத்தைமார், தங்கை எலிசபெத் என்று ஒரே பெண்கள் மயமான வீடு அது. நடுவிலே இந்த ஒரு பையன். வேதாகமத்தை அவன் உருக்கமாகப் படிப்பதைக் கேட்டவர்கள் கண் கலங்குவார்களாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குட்டிப் பாதிரி என்று கேலிப் பெயர் சூட்டினார்கள். இந்தப் பையன் அப்பாவின் அங்கியை அணிந்துகொள்வான் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

14-வது வயதில் போர்ட்டா என்ற பெயர்பெற்ற பள்ளியில் உபகாரச் சம்பளத்தோடு இடம் கிடைத்தது. கிரேக்கமும் லத்தீனும் அங்கே தண்ணீர் பட்ட பாடு. பால் டாய்சன் என்ற மாணவர் அங்கேதான் ஆப்த நண்பரானார். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும், மறுபடியும் வரப்போகிறார்.

1864-ல் பான் சர்வகலாசாலையில் மத சாஸ்திரம் படிக்கப் போனார் நீட்சே. அந்தக் காலத்தில் ஜெர்மன் அறிஞர்கள் ஏசுவின் சரித்திரத்தையே மற்றச் சரித்திரங்களைப்போல ஆதாரம் கேட்டு அலசிக்கொண்டிருந்தார்கள். அந்த நூல்களை இளைஞர் படித்தார். அடுத்த வருஷம் ஈஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவர், கோயிலில் நற்கருணை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தாயார் அழுதார். வீட்டில் புயல். குடித்துக் கெட்ட பிள்ளையைக்கூட அந்தத் தாய் மன்னித்திருப்பார், இது அப்படிப்பட்டதல்ல. மத சாஸ்திரப் படிப்பு அத்தோடு நின்றது.

நம்பிக்கை போன இடம் வெறுமையாக இருக்காது அல்லவா? லைப்சிக்கில் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஷோபன்ஹோவர் என்ற தத்துவ ஞானியின் நூல் கையில் அகப்பட்டது. வாழ்வின் அடியில் இருப்பது தீராத ஆசை. ஆசை இருக்கும் வரை துன்பம். ஆசையை அணைப்பதே விடுதலை என்பது ஷோபன்ஹோவரின் முடிவு. உபநிஷத்துக்களையும் பௌத்தத்தையும் தலைமேல் வைத்துப் போற்றியவர் அவர். கடவுளை இழந்த பாதிரி மகனுக்கு அந்தப் புத்தகம் சில காலம் வேதம் போலாயிற்று.

உத்தியோக வாழ்க்கை மளமளவென்று ஏறியது. 1869-ல் ஸ்விட்ஜர்லாந்தில் பாஸல் சர்வகலாசாலை அவரைக் கிரேக்க மொழிப் பேராசிரியராக அழைத்தது. வயது 24. டாக்டர் பட்டம் இன்னும் வாங்கவில்லை. லைப்சிக் சர்வகலாசாலை பரீட்சையே வைக்காமல் பட்டத்தைக் கொடுத்து அனுப்பி வைத்தது. அவர் பிரஷ்யக் குடியுரிமையைத் துறந்தார். வேறு எந்த நாட்டுக் குடியுரிமையையும் பெறவில்லை. சாகும் வரை எந்த தேசத்துப் பிரஜையும் அல்லர். இசை மேதை வாக்னரின் நட்பு, 1872-ல் முதல் நூல், அந்த நூலைப் பார்த்துப் பண்டிதர்கள் பிடித்த முகம், பிறகு வாக்னரோடு பிணக்கு, இவற்றையெல்லாம் விரித்தால் தனிப் புத்தகமாகும்.

நமக்கு வேண்டியது அவருடைய உடம்பின் கதை. சிறு வயதிலிருந்தே கண் பார்வை மோசம். தலைவலி வந்தால் நாள்கணக்கில் இருட்டறையில் கிடக்கவேண்டும், வாந்தி நிற்காது. 1870-ல் பிரான்சோடு நடந்த யுத்தத்தில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்யப் போய், சீதபேதியும் தொண்டை அடைப்பான் நோயும் வாங்கிக்கொண்டு திரும்பினார். 1879-ல், 34 வயதில், இனி முடியாது என்று பேராசிரியர் பதவியை விட்டார். வருஷத்துக்கு 3,000 பிராங்க் ஓய்வூதியம் கிடைத்தது. ஒரு பெட்டி துணிமணி, ஒரு பெட்டி புத்தகம். குளிர் காலத்தில் இத்தாலி அல்லது நீஸ் நகரக் கடற்கரை. கோடையில் ஸ்விட்ஜர்லாந்து மலை. இப்படிப் பத்து வருஷம் விடுதி விடுதியாக அலைந்தார். உலகம் இன்று படிக்கிற நீட்சே இந்தப் பத்து வருஷத்தில் உண்டானவர்தான்.

இந்த இடத்தில் நிஹிலிசம் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். நிஹில் என்றால் லத்தீனில் ஒன்றுமில்லை என்று பொருள். 1799-ல் ஜாக்கோபி என்ற ஜெர்மன் தத்துவவாதி, அறிவை மட்டும் நம்பிப் போனால் கடைசியில் ஒன்றுமில்லாததில்தான் போய் விழவேண்டும் என்று எச்சரிக்கை செய்தபோது இந்தச் சொல்லைக் கையாண்டார். ஆனால் ஊரெல்லாம் இதைப் பரப்பியது ருஷ்ய நாவலாசிரியர் துர்கனேவ். 1862-ல் வெளிவந்த 'தந்தையரும் தனயரும்' என்ற நாவலில் பஸாரோவ் என்கிற இளம் வைத்தியன் வருகிறான். தவளையை அறுத்துப் பார்ப்பான். கவிதையைக் கண்டால் சிரிப்பான். பெரியவர் சொன்னார் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள மாட்டான். அதிலிருந்து ருஷ்யாவில் அடங்காத வாலிபர் எல்லாரும் நிஹிலிஸ்டுகள் ஆனார்கள். 1881-ல் ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் வெடிகுண்டுக்குப் பலியானபோது, ஐரோப்பியப் பத்திரிகைகளில் நிஹிலிஸ்ட் என்றால் வெடிகுண்டுக்காரன் என்றே அர்த்தமாகிவிட்டது.

நீட்சே இந்தச் சொல்லை வேறு விதமாகப் பார்த்தார். அது சில ருஷ்ய வாலிபர்களின் சேட்டை அன்று; ஐரோப்பா முழுவதற்கும் உள்ளே பிடித்திருக்கிற நோய் என்றார். நோய் எப்படி வந்தது என்பதற்கு அவர் சொன்ன காரணம்தான் வியப்பானது. நாத்திகன் வெளியே இருந்து வந்து கோயிலை இடிக்கவில்லை. பொய் சொல்லாதே, உன் மனத்தை நீயே சோதித்துப் பார் என்று கிறிஸ்தவ மதமே பல நூற்றாண்டுகளாக மக்களைப் பழக்கியது. அந்தப் பழக்கம் வளர்ந்து விஞ்ஞானமாயிற்று. விஞ்ஞானம் கடைசியில் திரும்பி நின்று, மதத்தைப் பார்த்தே நீ சொல்வது உண்மைதானா என்று கேட்டது. கோடரிக்குக் காம்பு அதே மரத்துக் கிளை! இத்தனை காலம் உயர்ந்தவை என்று போற்றிய மதிப்புகள் தம்மைத் தாமே மதிப்பிழக்கச் செய்துவிட்டன; எதற்காக வாழ்கிறோம் என்ற கேள்விக்கு விடை சொல்ல ஆள் இல்லை. இதுவே அவர் கண்ட நிஹிலிசம்.

1882-ல் வெளிவந்த நூல் ஒன்றில் இதை ஒரு கதையாகவே சொல்லியிருக்கிறார். பட்டப்பகலில் ஒரு பைத்தியக்காரன் கையில் லாந்தர் விளக்கோடு சந்தைக்கு வந்து கடவுளைத் தேடுகிறான். சந்தையில் இருந்தவர்கள் நாத்திகர்கள். அவர்கள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். அவனோ, நாம்தான் அவரைக் கொன்றோம் என்று கதறுகிறான். பிறகு, செய்தி இவர்களுக்கு இன்னும் எட்டவில்லை, நான் காலத்துக்கு முன்பே வந்துவிட்டேன் என்று விளக்கைத் தரையில் போட்டு உடைக்கிறான். பலர் இந்தக் கதையை நாத்திகத்தின் வெற்றி முழக்கம் என்று நினைக்கிறார்கள். கதையைக் கவனித்தால் அவன் பேசுவது பக்தர்களிடம் அல்ல, கடவுளை நம்பாதவர்களிடம் என்பது தெரியும். கடவுள் போனார், ஆனால் நம் ஒழுக்கம், நீதி, முன்னேற்றம் எல்லாம் முன்போலவே நடக்கும் என்று நிம்மதியாக இருந்தவர்கள் அவர்கள். அஸ்திவாரத்தைப் பெயர்த்துவிட்டு மாடியில் படுத்துத் தூங்குகிறீர்களே என்பதுதான் அந்தப் பைத்தியக்காரனின் கூக்குரல்.

நோயாளிகளிலும் இரண்டு விதம் உண்டு என்று பிரித்தார் நீட்சே. ஒருவன் களைத்துப்போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். ஷோபன்ஹோவரை அவர் இந்த வரிசையில் சேர்த்தார். இன்னொருவன் உளுத்துப்போன பழைய வீட்டைத் தானே இடித்துத் தள்ளுகிறான். அவனிடம் பலம் இருக்கிறது, ஆனால் புதிதாகக் கட்ட மனை இன்னும் கிடைக்கவில்லை. களைத்தவர்களின் கூட்டத்தில் பௌத்தத்தையும் சேர்த்துப் பேசினார். இதை நம்மவர்கள் அப்படியே ஒப்புக்கொள்ளவேண்டியதில்லை. நாகார்ஜுனரின் சூனியவாதம் எதுவும் தானாக நிற்பதில்லை என்று சொல்கிறதே தவிர, எதற்கும் மதிப்பில்லை என்று சொல்லவில்லை. நிஹிலிசத்தைத் தமிழில் சூனியவாதம் என்று எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நலம். இந்தக் கட்டுரையின் தலைப்பும் அந்தக் குற்றத்திலிருந்து தப்பவில்லை.

சரி, மருந்து? 1881-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஸில்ஸ் மரியா என்ற மலைக் கிராமத்தில் தங்கியிருந்தார். கடல் மட்டத்துக்கு 1,800 மீட்டர் உயரம். ஏரிக்கரையோரம் நடந்துபோகையில் கூம்பு வடிவமான ஒரு பெரும் பாறையின் அருகே ஓர் எண்ணம் அவரைப் பிடித்து நிறுத்தியது. இந்த வாழ்க்கை, இதே வலியோடு, இதே அவமானத்தோடு, ஒரு சிறு தூசி மாறாமல் எண்ணற்ற தடவை திரும்பித் திரும்பி வரும் என்று யாராவது உன்னிடம் சொன்னால் என்ன செய்வாய்? பல்லைக் கடித்துச் சபிப்பாயா, அல்லது வரட்டும் என்பாயா? இதுதான் அந்த எண்ணம்.

பிறவிச் சுழல் நமக்குப் புதிதல்ல. ஆனால் நம்முடைய மறுபிறப்பில் வினைக்கேற்ப அடுத்த பிறவி மாறும். இறுதியில் சுழலை விட்டு வெளியேறுவதே லட்சியம். நீட்சேயின் சுழலில் மாறுதலும் கிடையாது, வெளியே போகும் வாசலும் கிடையாது. மோட்சம், சுவர்க்கம், நாளைய பொன்னுலகம் எதையும் காட்டி இன்றைய துன்பத்துக்குச் சமாதானம் சொல்ல முடியாது. அப்படி எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு, இப்போதாவது வாழ்வுக்குச் சம்மதம் என்று சொல்ல முடிகிறதா என்று கேட்கிறார். வாரத்தில் பாதி நாள் தலை வெடிக்கும் வலியில் கிடந்த ஒரு மனிதர் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பரீட்சை இது. சுகமாகச் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருப்பவர் கேட்ட கேள்வியாக இருந்தால் இதை நாம் மதிக்கவேண்டியதில்லை.

பரீட்சை வெகு விரைவிலேயே கடுமையாக வந்தது. 1882-ல் லூ ஸலோமே என்ற ருஷ்ய தேசத்து இளம் பெண்ணிடம் மனம் கொடுத்தார். அவள் மறுத்துவிட்டாள். இடையில் தங்கை எலிசபெத் புகுந்து கோள் மூட்ட, தாயும் மகனும்கூடச் சில காலம் பேசிக்கொள்ளவில்லை. அந்தக் குளிர் காலத்தின் தனிமையில், 1883 தொடக்கத்தில், 'இவ்வாறு பேசினான் ஜரதுஷ்டிரன்' நூலின் முதல் பாகத்தை எழுதினார். அதிமனிதன் என்ற அவருடைய பிரசித்தமான கருத்து இதில் வருகிறது. பழைய மதிப்புகள் இறந்த பிறகு சோர்ந்து விழாமல், தானே புது மதிப்புகளைப் படைக்கத் துணிந்தவன் அதிமனிதன். அவன் எப்படி இருப்பான், எந்த மதிப்புகளைப் படைப்பான் என்று கேட்டால் நீட்சேயிடம் தெளிவான விடை இல்லை என்பது என் அபிப்பிராயம். நோயைச் சொன்ன இடத்தில் அவர் எழுத்து கண்ணாடிபோல இருக்கிறது. மருந்தைச் சொன்ன இடத்தில் மேகம் சூழ்ந்துகொள்கிறது. எளியவர்களைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் அவர் வீசிய கடுஞ்சொற்கள் வேறு. அவற்றுக்குச் சமாதானம் சொல்ல நான் முயலப்போவதில்லை. அந்த நூலின் நாலாம் பாகத்தைப் பதிப்பிக்க ஆள் இல்லை. 1885-ல் தம் சொந்தச் செலவில் சுமார் 40 பிரதிகள் அச்சிட்டார். அதையும் கொடுப்பதற்குப் போதுமான நண்பர்கள் இல்லை.

1887-ம் வருஷம் ஜூன் 10-ந் தேதி, லென்ஸர்ஹைட் என்ற மலையூரில், ஐரோப்பிய நிஹிலிசம் என்ற தலைப்பில் நோட்டுப் புத்தகத்தில் ஒரு குறிப்பு எழுதினார். எண் போட்ட 16 சிறு பகுதிகள். நோய் என்ன, ஏன் இப்போது வந்தது, யார் தாங்குவார்கள், யார் விழுவார்கள் என்று வரிசையாக வைத்திருக்கிறார். முடிவிலே அவர் யாரைப் பலவான் என்கிறார் தெரியுமா? ஆயுதம் ஏந்தியவனை அல்ல. மிதமானவனை, தீவிரமான நம்பிக்கைகள் தேவைப்படாதவனை, வாழ்வில் தற்செயலும் அபத்தமும் கலந்திருப்பதை ஒப்புக்கொண்டும் வாழ்வை நேசிக்கிறவனை. அதிமனிதன் என்றதும் இரும்புக் கவசத்தைக் கற்பனை செய்கிறவர்கள் இந்தக் குறிப்பைப் படிக்கவேண்டும்.

அதே வருஷம் செப்டம்பரில் பழைய நண்பர் டாய்சன் தம் மனைவியோடு ஸில்ஸ் மரியாவுக்கு வந்தார். இப்போது அவர் வேதாந்தத்தில் பெரும் பண்டிதர். அவருடைய வேதாந்த நூல் 1883-லேயே வந்து, நீட்சேயும் அதைப் படித்திருந்தார். பின்னால் 1892-93-ல் டாய்சன் இந்தியாவுக்கே வந்து சுற்றினார். 1896-ல் கீல் நகரத்தில் விவேகானந்தரைத் தம் வீட்டில் உபசரித்தார். 60 உபநிஷத்துக்களை ஜெர்மன் மொழியில் தந்தார். ஒரே பள்ளியில், ஒரே கிரேக்க பாடத்தைப் படித்த இருவரில் ஒருவர் போன வழி அது. ஸில்ஸ் மரியாவில் டாய்சன் கண்டது நிமிர்ந்த நடை போய், ஒரு பக்கம் சாய்ந்து தளர்ந்து நடக்கும் மனிதரை. ஒரு குடியானவர் வீட்டில் ஒற்றை அறை. மேஜை மேல் கையெழுத்துத் தாள்களும் முட்டை ஓடுகளும் கலந்து கிடந்தனவாம். பிரியும்போது நீட்சேயின் கண்ணில் நீர் நின்றதை அதற்கு முன் தாம் கண்டதில்லை என்று டாய்சன் பிற்காலத்தில் எழுதி வைத்தார்.

1888-ல் அதிர்ஷ்டம் எட்டிப் பார்த்தது. டென்மார்க்கில் பிராண்டஸ் என்ற விமரிசகர் கோப்பன்ஹேகன் சர்வகலாசாலையில் நீட்சேயைப் பற்றிச் சொற்பொழிவுகள் செய்தார். இத்தாலியின் டூரின் நகரத்தில் அந்த வருஷக் கடைசியில் அவர் எழுதிய வேகம் பயங்கரமானது. 1889 ஜனவரி முதல் வாரத்தில், வீதியில் மயங்கி விழுந்தார். வண்டிக்காரன் சவுக்கால் அடித்த குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார் என்று ஒரு கதை உண்டு; அது பத்து வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் பத்திரிகையில் வந்தது. விழுந்தது மட்டும் நிச்சயம். அந்த நாட்களில் நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களில் கிரேக்கக் கடவுள் டயோனிஸஸ் என்றும், சிலுவையில் அறையப்பட்டவர் என்றும் கையெழுத்திட்டிருந்தார். பாஸல் பேராசிரியர் பர்க்ஹார்ட் தமக்கு வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓவர்பெக்கின் வீட்டுக்கு ஓடினார். ஓவர்பெக் ரயில் ஏறி டூரின் போய், நண்பரை பாஸலுக்குக் கூட்டி வந்தார். இந்த ஓவர்பெக்கும் ஒரு மத சாஸ்திரப் பேராசிரியர்தான்.

அதன் பிறகு 11 வருஷம். நீட்சே உயிரோடு இருந்தார். நீட்சே என்கிற அறிவு இல்லை. மூளை நோய்க்குக் காரணம் மேகவியாதி என்று அன்று வைத்தியர்கள் எழுதினார்கள். இன்றைய வைத்தியர்கள் பலர் அதை ஒப்புக்கொள்வதில்லை. 1890-ல் மருத்துவசாலையிலிருந்து தாயார் அவரை நவும்பர்க் வீட்டுக்கு அழைத்துப்போனார். நற்கருணை மறுத்த மகனுக்காக அன்று அழுத அதே தாய், 1897-ல் தாம் சாகும் வரை, 45 வயதைத் தாண்டிய பிள்ளையைக் கைக்குழந்தைபோலக் காப்பாற்றினார்.

தங்கை எலிசபெத்தின் கதை வேறு. யூத துவேஷி ஒருவரை மணந்துகொண்டு, தென் அமெரிக்காவில் பராகுவே நாட்டில் சுத்த ஜெர்மன் குடியேற்றம் அமைக்கப் போனவள் அவள். அண்ணனுக்கு அந்தத் துவேஷம் அறவே பிடிக்காது. இதை வெளிப்படையாகவே எழுதிக் கண்டித்திருக்கிறார். குடியேற்றம் தோற்றது, கணவன் 1889-ல் தற்கொலை செய்துகொண்டான். ஊர் திரும்பியவள், பேச முடியாத அண்ணனின் காகிதங்களை எல்லாம் கைப்பற்றி 1894-ல் ஓர் ஆவணக் காப்பகம் திறந்தாள். வைமார் நகரத்து மாளிகையில் அண்ணனுக்கு வெள்ளை அங்கி உடுத்தி, வந்த பிரமுகர்களுக்குக் காட்சிப் பொருளாகக் காட்டினாள். 1901-ல், நோட்டுப் புத்தகங்களில் இருந்த துணுக்குகளை வெட்டி ஒட்டி, 'சக்திக்கான விருப்பம்' என்ற பெயரில் அண்ணன் எழுதாத ஒரு நூலை அவர் பெயரால் வெளியிட்டாள். கடிதங்களையும் திருத்தினாள். ஹிட்லர் அந்தக் காப்பகத்துக்கு விஜயம் செய்தார். 1935-ல் அவள் சவ அடக்கத்துக்கும் வந்தார். நிஹிலிசத்தைக் கண்டு எச்சரித்தவரின் பெயர், மனித உயிரை ஒன்றுமில்லாததாக்கியவர்களின் கொடியில் ஏறிவிட்டது.

நீட்சே 1900-ம் வருஷம் ஆகஸ்டு 25-ந் தேதி வைமாரில் காலமானார். உடலை ரோக்கன் கிராமத்துக்குக் கொண்டுபோய், கோயில் சுவரை ஒட்டி, தகப்பனாரின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். கோயில் மணி அடித்தது.

லென்ஸர்ஹைட் குறிப்பு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். தங்கை 1906-ல் வெளியிட்ட விரிவான பதிப்பில் அதை நாலு துண்டாக வெட்டி, வெவ்வேறு பக்கங்களில் செருகிவிட்டாள். தலையும் காலும் பிரிந்து போயின. 1967-லிருந்து கோல்லி, மான்டினாரி என்ற இரண்டு இத்தாலிய அறிஞர்கள் நோட்டுப் புத்தகங்களை எழுதிய வரிசையிலேயே வெளியிடத் தொடங்கினார்கள். அவர்களுடைய பதிப்பில் அந்தக் குறிப்பு மறுபடியும் ஒரே துண்டாக, 16 பகுதிகளோடு, மேலே ஊர்ப் பெயரும் ஜூன் 10, 1887 என்ற தேதியும் போட்டபடி இருக்கிறது.